கடல் வணிக விளையாட்டில் எதை வாங்குவது? போர்ட் லூயியிலிருந்து ஓர் ஒப்பீடு

என் மகனுக்குப் பதினான்கு வயது. ஒரு வருடமாக பிஸ்கட் டப்பாவில் பணம் சேர்த்துவந்தான். போன நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த டப்பாவைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் கவிழ்த்தான். மொரீஷியஸ் ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்தும் தமிழ் எண்ணும் இருக்கின்றன. அந்தப் பக்கம் மேலே தெரியும்படி நோட்டுகளை அடுக்கி இரண்டு முறை எண்ணினான். "அப்பா, ஒன்றுதான் வாங்க முடியும். கப்பல் ஓட்ட வேண்டும், சரக்கு வாங்கி விற்க வேண்டும், கப்பலை என் விருப்பப்படி மாற்றிக் கட்ட வேண்டும். எதை வாங்கலாம், நீங்களே சொல்லுங்கள்" என்றான்.

என்னிடம் கேட்டதற்குக் காரணம் உண்டு. நான் தூத்துக்குடிக்காரன். மொரீஷியஸ் தலைநகர் போர்ட் லூயியின் துறைமுகத்தை ஒட்டிய ஓர் அலுவலகத்தில் சரக்குக் கணக்கு பார்க்கிறேன். என் தாத்தா தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குப் பாய்த்தோணியில் போய்வந்தவர். மனைவி இந்தத் தீவிலேயே பிறந்தவர். அவருடைய முன்னோர் கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள். ஆக, கப்பல் எங்கள் வீட்டுக்கு இரண்டு வழியாகவும் வந்திருக்கிறது. பிள்ளை விளையாட்டுக்குத்தானே கேட்கிறான் என்று ஏதோ ஒன்றைக் கைகாட்டிவிட மனம் வரவில்லை. நண்பர்கள் வீட்டிலும், அலுவலகத்தில் என்னை அண்ணாச்சி என்று கூப்பிடும் திருநெல்வேலித் தம்பி ஒருவரின் கணினியிலும், மூன்று வாரம் ஒவ்வொன்றாக உட்கார்ந்து பார்த்தோம். பக்கத்துத் தீவான ரீயூனியனிலும் தென்னாப்பிரிக்காவின் டர்பனிலும் இதே கேள்வியோடு இருக்கும் பெற்றோருக்கும் உதவும் என்பதால் பார்த்ததை எழுதுகிறேன்.

முதலில், எதை வைத்து அளந்தோம் என்று சொல்லிவிடுகிறேன். தாத்தா அடிக்கடி சொல்வார், சரக்கு ஏற்றுவதிலேயே பாதிக் கப்பலோட்டம் முடிந்துவிட்டது என்று. அணியத்தில், அதாவது முன்பக்கத்தில், பாரம் கூடினால் தோணி அலைக்குள் மூக்கைக் குத்தும். அமரத்தில், அதாவது பின்பக்கத்தில், கூடினால் சுக்கானுக்குச் சொன்னபடி கேட்காது. பாரமே இல்லாமல் வெறும் தோணியாகத் திரும்பினால் காற்று புரட்டிவிடும். அதற்காகவே அடிபாரம் போடுவார்கள். அவருக்குக் கப்பல், காற்று, சரக்கு மூன்றும் ஒரே கணக்கு. விளையாட்டிலும் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று நினைத்தேன். கப்பலில் ஒன்றை மாற்றினால் பயணம் மாற வேண்டும். பயணம் மாறினால் லாபம் மாற வேண்டும். பாயின் நிறம் மட்டும் மாறுகிறது என்றால் அது எங்களுக்கு இரண்டாம் பட்சம்.

இந்த வகை விளையாட்டுகளுக்கு நல்ல முன்னோர் ஒருவர் உண்டு. ஜப்பானின் கோயி நிறுவனம் 1990இல் தொடங்கிய அன்சார்ட்டட் வாட்டர்ஸ் வரிசை. அதன் இரண்டாவது ஆட்டம் 1993இல் வந்தது. கப்பல் கட்டும் துறையில் எந்த மரத்தில் கட்டுவது என்று நாமே தேர்ந்தெடுக்கலாம். அதில் தேக்கும் உண்டு. கப்பலின் கொள்ளளவை மாலுமிகளுக்கு எவ்வளவு, பீரங்கிகளுக்கு எவ்வளவு, சரக்குக்கு எவ்வளவு என்று பிரித்து வைக்க வேண்டும். பீரங்கியைக் கூட்டினால் மிளகு மூட்டைக்கு இடம் குறையும். மாலுமிகளைக் குறைத்தால் பாயை இழுக்க ஆள் போதாது. முப்பது வருடத்துக்கு முந்தைய, புள்ளி புள்ளியாகத் தெரியும் படங்கள் கொண்ட ஆட்டம்தான். ஆனால் ஒரு வணிகக் கப்பலின் தலைவலி முழுவதும் அந்த ஒரு பக்கத்தில் இருந்தது. அதற்குப் பிறகு வந்த ஆட்டங்களை எல்லாம் நான் அந்தப் பக்கத்தோடு ஒப்பிட்டே பார்த்தேன்.

இனி நாங்கள் பார்த்தவை.

எங்களைக் கட்டிப்போட்டது செய்ல்விண்ட். ஒரு சிறு குழு செய்தது. 2021இல் முழுதாக முடியாத நிலையிலேயே விற்பனைக்கு வந்து, அதன் பிறகு சிறிது சிறிதாக வளர்ந்தது. இதில் சண்டை கிடையாது. கொள்ளைக்காரர் இல்லை, பீரங்கி இல்லை. கற்பனைத் தீவுக்கூட்டங்கள் மூன்று. எங்கே தொடங்குவது என்பது நம் விருப்பம். அரபு நாட்டுச் சாயல் கொண்ட பகுதியில் தொடங்கினால் முக்கோணப் பாய் கட்டிய, தோவ் என்னும் சின்ன அரபுப் படகு ஒன்று கைக்கு வரும். அதை முதன்முதலாகத் திரையில் பார்த்தபோது என் கண் பருமலில்தான் நின்றது. சாய்வாகத் தொங்கும் அந்த நீண்ட கழி, அதிலிருந்து இறங்கும் பாய். தாத்தாவின் தோணியின் பழைய புகைப்படத்தில் அதே சாய்வு இருக்கிறது.

இதில் ஒரு பொத்தானை அழுத்திக் கப்பலை நகர்த்த முடியாது. பாயை ஏற்றும் கயிற்றைப் பிடித்து ஏற்ற வேண்டும். பாயின் முனையை இழுத்துப் பிடிக்கும் கயிற்றைக் காற்றுக்குத் தக்கபடி தளர்த்தவும் இறுக்கவும் வேண்டும். நங்கூரத்தை எடுக்க மறந்துவிட்டு, படகு ஏன் நகரவில்லை என்று என் மகன் கால் மணி நேரம் தவித்தான். சரக்கு என்பது பட்டியலில் ஏறும் ஓர் எண்ணாக இல்லாமல், பெட்டியாகவும் பீப்பாயாகவும் கண்ணெதிரே இருக்கிறது. துறையில் வாங்கியதைக் கையால் தூக்கி வந்து படகில் வைக்க வேண்டும். ஒரு பக்கமாக வைத்தால் படகு அந்தப் பக்கம் சாய்கிறது. அதிகம் ஏற்றினால் தண்ணீரில் தாழ்ந்து மெதுவாகப் போகிறது. ஒவ்வொரு தீவுக்கூட்டத்துக்கும் தனி நாணயம் இருப்பதால், ஓரிடத்தில் விற்ற பணத்தை இன்னோர் இடத்தில் செலவழிக்கும் முன் மாற்றுக் கணக்குப் பார்க்க வேண்டியிருக்கிறது. என் மகன் பள்ளி நோட்டின் கடைசிப் பக்கத்தில் எந்தத் தீவில் எது என்ன விலை என்று எழுத ஆரம்பித்தான். அவனாக எழுதினான், யாரும் சொல்லவில்லை.

நாம் எங்கே இருக்கிறோம் என்று வரைபடத்தில் புள்ளி காட்டுவதும் இதில் இல்லை. கையில் விரித்த காகித வரைபடம், திசைகாட்டி, சூரியன், நட்சத்திரம் இவைதான் துணை. முதல் இரவுப் பயணத்தில் விளக்கைக் கொளுத்தி வைத்துவிட்டு விடியும்வரை ஒரே திசையில் ஓடினான். விடிந்தபோது தீவு இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கடல். குடிதண்ணீர் பாதிதான் மிச்சம். அவன் முகம் வெளுத்துவிட்டது. தங்கை பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "வலது பக்கம் ஏதோ கறுப்பாகத் தெரிகிறதே" என்றாள். மேகமா மலையா என்று தெரியாமல் இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். மலைதான். அந்த ஒரு காலைப்பொழுதுக்காகவே இதை வாங்கலாம் என்று எனக்குத் தோன்றியது.

கப்பலை மாற்றும் வசதியும் இங்கே அர்த்தத்தோடு இருக்கிறது. கப்பல்துறையில் பாய்களையும் பாய்மரங்களையும் மாற்றிக் கட்டலாம். சதுரப் பாய் கட்டினால் பின்காற்றில் நன்றாக ஓடும், எதிர்க்காற்றில் படுத்துக்கொள்ளும். முக்கோணப் பாய் காற்றுக்கு நெருங்கி ஓடும். எந்தத் தடத்தில் வியாபாரம் செய்யப் போகிறோம் என்று முடிவு செய்யாமல் பாயை முடிவு செய்ய முடியாது. தென்கிழக்குக் காற்று ஆண்டின் பெரும்பகுதி வீசும் எங்கள் தீவில் வளரும் பிள்ளைக்கு இது சட்டென்று பிடிபடுகிறது.

குறைகளும் உண்டு. வேகம் வேண்டும் என்கிறவர்களுக்கு இது ஆகாது. அரை மணி நேரம் கடலையும் வானத்தையும் பார்த்தபடி இருக்க வேண்டி வரும். தொடக்கத்தில் கற்றுத்தருவது போதாது. முதல் இரண்டு மூன்று நாள் யாராவது பெரியவர் கூட இருந்தால் நல்லது. ஆட்டத்துக்குள் புகையிலையும் மதுவும் சரக்காகவும் நுகர்பொருளாகவும் வருகின்றன, சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் அதைத் தெரிந்துகொண்டே வாங்க வேண்டும். கணினியும் ஓரளவு நல்லதாக இருக்க வேண்டும். எங்கள் வீட்டுப் பழைய மடிக்கணினியில் அலைகள் விட்டு விட்டுத்தான் அசைந்தன. புதிதாக வாங்கிய மேசைக் கணினியில் சரியாக ஓடியது.

அந்தப் பழைய மடிக்கணினியில் எந்தத் தடையும் இல்லாமல் ஓடியது சிட் மையர்ஸ் பைரேட்ஸ். முதல் வடிவம் 1987இல் வந்தது. நாங்கள் பார்த்தது 2004இல் புதிதாகச் செய்யப்பட்டது. இடம் கரீபியன் கடல். 1600, 1620, 1640, 1660, 1680 என ஐந்து காலங்களில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். ஸ்பெயின், இங்கிலாந்து, பிரான்ஸ், ஹாலந்து நான்கும் மாறி மாறிச் சண்டையிட்டுக்கொண்டிருக்கும். யாருடைய அனுமதிப் பத்திரத்தை வாங்கிக்கொண்டு யாருடைய கப்பலைப் பிடிப்பது என்பதுதான் ஆட்டத்தின் ஓட்டம்.

மொரீஷியஸ்காரருக்கு இது அந்நியமான கதையே இல்லை. அரசின் அனுமதியோடு எதிரிக் கப்பல்களைப் பிடித்துவந்த பிரெஞ்சுக்காரர் ரொபேர் சுர்கூஃப் 1800 அக்டோபரில் வங்காள விரிகுடாவில், தன்னுடைய கான்ஃபியான்ஸ் கப்பலைவிடப் பெரிய, கென்ட் என்ற ஆங்கிலேயக் கப்பலைப் பிடித்ததும், பிடித்ததை இந்தத் தீவுக்குக் கொண்டுவந்ததும் இங்கே வரலாறு. அந்தக் காலத்தில் இந்தத் துறைமுகத்துக்கு அதுவும் ஒரு வருமானம். கென்ட் பிடிபட்ட கதையை மகனுக்குச் சொல்லிவிட்டு ஆட்டத்தைத் திறந்தபோது, சின்னக் கப்பல் எப்படிப் பெரிய கப்பலை மடக்கும் என்பதை அவனே செய்து பார்த்தான். சங்கிலிக்குண்டால் பாயைக் கிழித்து ஓட்டத்தை நிறுத்து. சிதறுகுண்டால் ஆட்களைக் குறை. பிறகு பக்கத்தில் போய் ஏறு.

இதில் எனக்குப் பிடித்தது காற்று. கரீபியனில் காற்று பெரும்பாலும் கிழக்கிலிருந்து மேற்கே வீசுகிறது, ஆட்டத்திலும் அப்படியே. மேற்கே போவது சுகம். திரும்பிக் கிழக்கே வருவதற்குள் உணவு தீர்ந்து மாலுமிகள் முணுமுணுக்கத் தொடங்கிவிடுவார்கள். ஒவ்வொரு வகைக் கப்பலுக்கும் காற்று எந்தப் பக்கத்திலிருந்து வந்தால் நன்றாக ஓடும் என்பது வேறு வேறு. ஆக, எந்தக் கப்பலை வைத்துக்கொள்வது என்பதே ஒரு வணிக முடிவாகிவிடுகிறது.

மேம்பாடுகள் எட்டு இருக்கின்றன. செப்புத் தகடு, பருத்திப் பாய், மூன்றடுக்குத் தூங்குவலை, இரும்பு விலாச்சட்டம், வெண்கலப் பீரங்கி, நுண்ணிய வெடிமருந்து, இரண்டு வகைக் குண்டுகள். எல்லா ஊர்த் தச்சரும் எல்லாவற்றையும் செய்து தரமாட்டார். இன்ன வேலைக்கு இன்ன ஊர் என்று தேடிப் போக வேண்டும். இது உண்மையான துறைமுக அனுபவம் போலவே இருந்தது. ஆனால் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஆட்டத்தில் செப்புத் தகடு அடித்தால் கப்பல் சீக்கிரம் திரும்புகிறது. நிஜத்தில் செப்புத் தகடு அடித்தது மரத்தைத் துளைக்கும் கடற்புழுவையும் அடியில் ஒட்டும் பாசியையும் தடுக்கத்தான். ஆங்கிலக் கடற்படை அதைச் சோதித்துப் பார்த்ததே 1761இல், அலார்ம் என்ற கப்பலில். 1600இல் தொடங்கும் ஆட்டத்தில் அது கிடைப்பது நூற்றைம்பது வருடம் முந்தி வந்துவிட்ட சங்கதி. விளையாட்டைக் கெடுக்கும் பிழை இல்லை இது; ஆனால் பிள்ளை அதையே வரலாறு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதால் உட்கார்த்திவைத்துச் சொன்னேன்.

வியாபாரம்தான் இங்கே மெலிவு. உணவு, சர்க்கரை, வாசனைப் பொருள், ஆடம்பரப் பொருள் என்று நாலைந்து சரக்குகள். விலை ஊருக்கு ஊர் மாறும், அவ்வளவுதான். நேர்மையான வணிகராக மட்டும் இருந்தால் ஆட்டம் விரைவில் சலித்துவிடும்; அது நம்மைக் கொள்ளைக்குத்தான் தள்ளுகிறது. ஆளுநர் மகளோடு நடனமாடுவது, வாள்சண்டை, புதையல் தேடல் எல்லாம் நடு நடுவே வந்து போவதால் மகளுக்கு இது மிகவும் பிடித்துவிட்டது. இணையம் வேண்டாம், தனியாக விளையாடலாம் என்பது பெரிய நிம்மதி. அதைப் பற்றிப் பின்னால் வருகிறேன்.

வியாபாரமே முழு ஆட்டம் என்றால் போர்ட் ராயல் 4. செப்டம்பர் 2020இல் வந்தது. இதுவும் கரீபியன்தான், அதே நான்கு நாடுகள்தான், அறுபது ஊர்கள். ஒவ்வோர் ஊரும் எதை விளைவிக்கிறது, எதற்குத் தவிக்கிறது என்று பார்த்துக் கப்பல் கூட்டத்துக்குத் தடம் வகுக்க வேண்டும். நான் பகலெல்லாம் அலுவலகத்தில் செய்யும் வேலையின் சாயல் அதில் இருந்தது. 2023 இறுதியில் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்படத் தொடங்கியபின் எத்தனையோ நிறுவனங்கள் சூயஸை விட்டு ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றி வரத் தொடங்கின. ஒரு தடம் அடைபட்டால் சரக்கு எங்கே தேங்கும், எங்கே விலை ஏறும் என்ற அந்தக் கணக்கைப் பிள்ளைகளுக்கு விளக்க இதைவிட நல்ல கருவி எனக்குக் கிடைக்கவில்லை. 1869இல் சூயஸ் திறந்தபோது இதற்கு நேர்மாறாக நடந்தது. இந்தத் துறைமுகம் தன் வழியே போன கப்பல்களை இழந்தது. அதையும் அந்த வரைபடத்தை வைத்தே சொல்லிக்காட்டினேன். சண்டை கட்டம் கட்டமாக, முறை வைத்து ஆடுவது. கை வேகம் தேவையில்லை.

ஆனால் என் மகன் கேட்டது கப்பலை மாற்றிக் கட்டுவது. இங்கே கப்பல் ஒரு பெயர், ஒரு கொள்ளளவு, ஒரு வேகம். வாங்கலாம், விற்கலாம், கூட்டத்தில் சேர்க்கலாம். அதன் பாயில் கை வைக்க முடியாது. இரண்டு நாளில் அவன் ஆர்வம் வடிந்துவிட்டது. நானோ ஒரு வாரம் விடாமல் ஆடினேன்.

இந்த ஆட்டத்தில் எனக்கு உறுத்திய ஒன்றை விரிவாகச் சொல்ல வேண்டும். இதில் கரும்புத் தோட்டம் போடலாம், சாராய ஆலை கட்டலாம், சர்க்கரை மூட்டையை ஏற்றி விற்கலாம். கரும்பை வெட்டியவர் யார் என்ற கேள்விக்கு மட்டும் இடமே இல்லை. கரீபியனில் அதை வெட்டியவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வரப்பட்ட அடிமைகள். மொரீஷியஸிலும் 1835 வரை அடிமைகள்தான். அதற்குப் பிறகு எங்கள் ஆட்கள். 1834 முதல் 1920 வரை ஏறக்குறைய ஐந்து லட்சம் பேர் ஒப்பந்தத்தில் இந்தத் துறைக்கு வந்து இறங்கினார்கள். அப்ராவசி காட் என்று இன்று உலக மரபுச் சின்னமாக இருக்கும் அந்த இடத்தின் பதினாறு கற்படிகளில் என் மனைவியின் முப்பாட்டியும் ஏறியிருக்கிறார். அது என் அலுவலகத்திலிருந்து நடக்கும் தூரம். பைரேட்ஸ் ஆட்டத்திலும் சர்க்கரை வெறும் மூட்டையாகத்தான் வருகிறது. ஆட்டம் வாங்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. வாங்கினால், ஒரு சனிக்கிழமை பிள்ளைகளை அந்தப் படிகளுக்கு அழைத்துப் போங்கள். நாங்கள் போனோம். மகள் ஒவ்வொரு படியாகக் குனிந்து கையை வைத்துப் பார்த்தாள்.

எங்கள் கடலிலேயே நடப்பது ஸ்கல் அண்ட் போன்ஸ். யுபிசாஃப்டின் சிங்கப்பூர் பிரிவு செய்தது, பிப்ரவரி 2024இல் வெளிவந்தது. பதினேழாம் நூற்றாண்டின் இறுதி, இந்தியப் பெருங்கடல். ஆப்பிரிக்கக் கரையிலிருந்து கிழக்கிந்தியத் தீவுகள் வரை விரிகிறது. மடகாஸ்கரின் கிழக்குக் கரையை ஒட்டிய சேன்ட் மரி தீவு நிஜமாகவே கடற்கொள்ளையர் தங்கிய இடம். ஆட்டத்தின் கொள்ளையர் ஊருக்கு சேன்ட் ஆன் என்று பெயர். தோவ், மலாய்க் கரையின் பெடார், மக்காசாரின் பாடெவாகாங் என்று நம் பக்கத்துக் கலங்கள் பெயரோடு வருகின்றன. ஐரோப்பியக் கப்பல்களையே பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது பெரிய மகிழ்ச்சி. கப்பலை மாற்றும் வசதியில் இதற்கு இணை நாங்கள் பார்த்தவற்றில் இல்லை. அணியத்துக்கு ஒரு பீரங்கி, இரு பக்கங்களுக்கும் வேறு வேறு, அமரத்துக்கு ஒன்று, மேலே கவசம், உள்ளே கப்பலின் தன்மையை மாற்றும் சாமான்கள், பாய்க்கு நிறமும் சின்னமும்.

ஆனால் இத்தனை மாற்றங்களும் ஒரே இடத்தில்தான் போய் முடிகின்றன: எவ்வளவு வேகமாக எதிரியை உடைப்பது. சரக்கு வாங்கி விற்கும் பகுதி இருக்கிறது, அதுவும் சண்டைக்குத் தேவையானதைச் சேர்க்கும் வழியாகவே இருக்கிறது. காற்று உண்டு, ஆனால் முழுப் பாயில் ஓட மாலுமிகளின் களைப்புத்தான் தடை, அதைச் சமைத்த உணவு கொடுத்துத் தீர்த்துவிடலாம். கப்பலின் மேல்தளத்தில் நடக்கவும் முடியாது. கரைக்கு வந்தால்தான் கால் முளைக்கும். கயிற்றைக் கையால் தொட்டுவிட்டு வந்த மகனுக்கு இது நெஞ்சில் ஒட்டவில்லை. சண்டைக்காகவே கப்பல் ஆட்டம் தேடும் பெரிய பிள்ளைகளுக்கு, அதுவும் நண்பர்கள் மூன்று பேர் சேர்ந்து ஆடுவதானால், தாராளமாக இதையே சொல்வேன். சின்னப் பிள்ளைகளுக்கு உரியது இல்லை.

இணையம் இல்லாமல் அது திறக்கவே திறக்காது என்பதும் முக்கியம். மொரீஷியஸில் இணையம் நன்றாகத்தான் இருக்கிறது, குறை சொல்ல முடியாது. ஆனால் எங்களுக்கு நவம்பர் முதல் ஏப்ரல் வரை புயல் காலம். 2024 ஜனவரி 15 அன்று பெலால் புயல் வந்தபோது போர்ட் லூயி தெருக்களில் கார்கள் மிதந்தன. எங்கள் வீட்டில் மின்சாரமும் இணையமும் போய், ஜன்னல் கதவுகளை அடைத்துக்கொண்டு நால்வரும் ஒரே அறையில் இருந்தோம். பிள்ளைகளுக்கு விளையாட்டு மிகவும் தேவைப்படும் நாள் அதுதான். இணையத்தை நம்பிய ஆட்டம் கைவிடும் நாளும் அதுதான். சார்ஜ் ஏற்றி வைத்த மடிக்கணினியில் பைரேட்ஸ் ஓடும். ரீயூனியனில் இருப்பவர்களுக்கும் இதே கதைதான். பெலால் எங்களைத் தொடும் முன் அவர்களைத்தான் தொட்டது.

சீ ஆஃப் தீவ்ஸ் பற்றிச் சுருக்கமாக. 2018இல் வந்தது, இதற்கும் இணையம் வேண்டும். பாயைத் திருப்ப ஒருவர், சுக்கானுக்கு ஒருவர், ஓட்டையடைக்க ஒருவர் என்று கூட்டாகக் கப்பல் ஓட்டும் சுகம் இதில்தான் அதிகம். கப்பல் மூன்று அளவில் கிடைக்கிறது. மாற்றங்கள் எல்லாம் வெளித்தோற்றத்துக்கு. வண்ணம், பாய், அணியத்துச் சிலை. ஓட்டத்தில் துளி வித்தியாசம் வராது. பிற வீரர்கள் வந்து கொள்ளையடிப்பார்கள் என்ற பயம் உள்ளவர்களுக்காக 2023 டிசம்பரில் தனியாக ஆடும் கடல் ஒன்றும் சேர்த்தார்கள். அழகு என்றால் இதுதான் எல்லாவற்றிலும் அழகு. அஸாஸின்ஸ் கிரீட் வரிசையில் 2013இல் வந்த பிளாக் ஃப்ளாக்கையும் பலர் சொன்னார்கள். பிடித்த கப்பலிலிருந்து எடுத்த மரத்தையும் இரும்பையும் துணியையும் கொண்டு நம் கப்பலை வலுவாக்குவது மனத்துக்கு நிறைவாகத்தான் இருக்கிறது. ஆனால் அது கொலைகாரன் ஒருவனின் கதை. வணிகம் ஓரத்தில் நிற்கிறது. பதினோரு வயது மகள் இருக்கும் வீட்டில் அதைத் தள்ளிவைத்தோம்.

வெளித்தோற்றத்தை மட்டும் மாற்றுவதை நான் குறைத்துப் பேசுவதாக நினைக்க வேண்டாம். மொரீஷியஸ் மாதிரிக் கப்பல்களுக்குப் பெயர் போன தீவு. க்யூர்பிப்பில் அப்படி ஒரு பட்டறைக்குப் பிள்ளைகளை அழைத்துப்போயிருக்கிறேன். ஒரு பெண் சின்ன இடுக்கியால் நூலைப் பிடித்து, விரல் நீளப் பாய்மரத்தில் ஏணிப்படிபோல முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். ஒரு முடிச்சு, கத்தரி, ஒரு சொட்டுப் பசை, அடுத்த முடிச்சு. அந்தக் கப்பல் ஒரு நாளும் தண்ணீரைத் தொடப்போவதில்லை. ஆனாலும் எந்தக் கயிறு எங்கே போக வேண்டும் என்பதில் அவர் ஒரு நூல்கூடப் பிசகவில்லை. அலங்காரக் கப்பலிலும் கயிறு தன் வேலை தெரிந்து நிற்கிறது. ஆட்டத்தில் வண்ணம் பூசும்போதும் எனக்கு வேண்டியது அந்த அக்கறைதான்.

எங்கள் வீட்டு முடிவைச் சொல்கிறேன். மகனின் பணத்தில் செய்ல்விண்ட் வாங்கினோம். கணினி நல்லதாக இருந்து, பிள்ளைக்குப் பொறுமையும் இருந்து, கப்பலை மாற்றினால் வியாபாரமும் மாற வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்களுக்கு நான் தயங்காமல் சொல்வது இதைத்தான். மகளுக்குப் பைரேட்ஸை நான் வாங்கிக் கொடுத்தேன். பழைய மடிக்கணினி, புயல் நாள், அரை மணி நேரத்தில் ஒரு கதை முடிய வேண்டும் என்ற அவசரம், எல்லாவற்றுக்கும் அது ஈடுகொடுக்கிறது. ஒரே ஒரு ஆட்டம், பழைய கணினி, இரண்டு மூன்று பிள்ளைகள் என்றால் செய்ல்விண்டை விட்டுவிட்டுப் பைரேட்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். போர்ட் ராயல் 4 பிள்ளைகளைவிடப் பெரியவர்களுக்கு. தடமும் விலையும் பிடித்தவர்கள் மாலை வேளைகளில் ஆட உகந்தது. ஸ்கல் அண்ட் போன்ஸ் வாங்குமுன் ஒரு நண்பர் வீட்டில் இரண்டு மணி நேரமாவது ஆடிப் பாருங்கள்.

செய்ல்விண்டில் எங்களுக்கு ஒரு பழக்கம் ஏற்பட்டிருக்கிறது. மகன் ஆடும்போது நான் பக்கத்தில் உட்கார்ந்து படகின் உறுப்புகளுக்குத் தமிழ்ப் பெயர் சொல்வேன். அணியம், அமரம், பருமல், சுக்கான். காற்று மேற்கிலிருந்து வந்தால் கச்சான், வடக்கிலிருந்து வந்தால் வாடை, கிழக்கென்றால் கொண்டல். வீட்டில் கிரியோலும் தமிழும் கலந்து பேசும் பிள்ளைகள். மகள் இப்போது மாடியில் துணி காயப்போடும்போதுகூட "இன்றைக்குக் கொண்டல்" என்கிறாள்.

போன வாரம் மகன் ஒன்பது பெட்டி ஏற்றிக்கொண்டு புறப்பட்டான். துறையைத் தாண்டியதும் படகு அலைக்குள் மூக்கைக் குத்தத் தொடங்கியது. தண்ணீர் மேல்தளத்தில் ஏறியது. நான் வாயைத் திறக்கவில்லை. அவன் பாயை இறக்கினான். முன்னால் இருந்த பெட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கி, பாய்மரத்துக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்தான். நான்காவது பெட்டியை வைத்ததும் அணியம் மெல்ல எழுந்தது. பாயை மறுபடி ஏற்றிவிட்டு என் பக்கம் திரும்பிப் பார்த்தான்.